எதிர்க்கரை – 17: பரீட்சை நிற்கக்கூடாது

சென்ற வாரம் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்து அடங்கிய 1981 ஜூன் முதல் தேதியோடு நிறுத்தியிருந்தோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான அந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் நடந்தால் திருநெல்வேலி. தாமிரபரணிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. சர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகம் அங்கேதான் இருக்கிறது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் அங்கு திறக்கப்பட்டது. முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. 1979 ஜனவரியிலிருந்து அது தனிப் பல்கலைக்கழகம்.

இதுவரை சொன்ன மீன்பிடிக் கதையை விட்டுவிட்டு எதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தாவுகிறீர்கள் என்று எங்கள் கடலோர ஊரான மண்டபத்தூரில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். நமக்குத் தலைநகரமான புதுச்சேரி நேர்கோட்டில் சுமார் 105 கிலோமீட்டர். பருத்தித்துறை சுமார் 135. சென்னை இவை இரண்டையும்விட வெகு தூரம். பக்கத்துத் திருவேட்டக்குடியில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே கட்டடப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் மண் இயக்கவியலில் ‘கேம் களிமண் மாதிரி’ என்று ஒரு பாடம் படிப்பார்கள். அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட 1963ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் மூவர்: ராஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா. மூன்றாமவர் வடமராட்சிக்காரர், நமக்கு நேர் எதிர்க்கரை. அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, பேராதனையில் பொறியியல் கற்பித்து, யாழ்ப்பாணத்தின் மிக மோசமான ஆண்டுகளில் அங்கே துணைவேந்தராக இருந்தார். அவரிடம் பிறகு வருவோம்.

கதை 1983இல் தொடங்குகிறது. ஜூலைக் கலவரத்தை எல்லோரும் அறிவோம். அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதம், பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓடினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜூலைக்குப் பிறகு கொழும்பிலும் பேராதனையிலும் மொறட்டுவையிலும் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் வடக்கே வந்து சேர்ந்தார்கள். பாதிப் படிப்பு முடிந்திருந்தது. திரும்பிப் போகப் பயம். யாழ்ப்பாணத்திலேயே எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். கேட்பது எளிது, யாழ்ப்பாணத்தில் அன்று பொறியியல் பீடமும் கிடையாது, விவசாய பீடமும் கிடையாது. அரசோ, திரும்பிப் போங்கள், பாதுகாப்புத் தருகிறோம் என்ற இடத்திலேயே நின்றது.

1984 ஜனவரியில் மாணவர்கள் சிலர், பெண்களும் சேர்ந்து, பல்கலைக்கழக வளாகத்தில் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். நாட்கள் ஓடின. யாரும் எதையும் தீர்க்கவில்லை. உடல்நிலை மோசமானபோது விடுதலைப் புலிகள் வந்து அவர்களைத் தூக்கிச் சென்றார்கள்; படகேற்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒரு விவசாய பீட மாணவி, மதிவதனி, அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி திருப்போரூர் முருகன் கோயிலில் புலிகளின் தலைவர் பிரபாகரனை மணந்தார். இந்தத் திருமணச் செய்தியில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. போர்க்காலத்து மாணவருக்கு ஒரு வகுப்பறை வேண்டியிருந்தது. அதைத் தரவேண்டிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அரசும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. கல்வி நிறுவனம் கைவிட்ட பிள்ளையை ஆயுத இயக்கம் கையில் எடுத்துக்கொண்டது. இதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் இந்த ஒரு நிகழ்ச்சியை மனதில் வைத்துக்கொண்டே பார்க்கிறேன்.

எடுத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது 1986 நவம்பரில் தெரிந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த விஜிதரன் என்ற மாணவர் யாழ்ப்பாணத்தில் கடத்தப்பட்டார். சந்தேகம் புலிகள்மீது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன் அரசிடம் கேட்ட அதே வளாகத்தில் இப்போது இயக்கத்திடம் கேட்டார்கள்: எங்கள் தோழன் எங்கே? பதில் வரவில்லை. விஜிதரனும் வரவில்லை. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மாணவத் தலைவர் விமலேஸ்வரன் 1988 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இடையில் இந்திய அமைதிப்படை. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் புலிகளோடு போர். புலித் தலைவர்களைப் பிடிக்க அக்டோபர் 11 நள்ளிரவில் ஹெலிகாப்டரில் படை இறக்கப்பட்ட இடம் வேறெதுவுமில்லை, இந்தப் பல்கலைக்கழக மைதானம்தான். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் முப்பது பேரில் 29 பேர் அங்கேயே இறந்தார்கள். அடுத்த நாள் பக்கத்துப் பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 21. அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த அமைதிப்படை நோயாளிகளையும் ஊழியர்களையும் சுட்டது, மறுநாளும் நீடித்தது. இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல், அவர்களில் மருத்துவர்களும் உண்டு. அது மருத்துவ பீட மாணவர்கள் தொழில் கற்ற ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் நாம் இதை அன்று முழுதாகக் கேட்டிருந்தோமா என்றால், கேட்டவர்கள் குறைவு.

பல்கலைக்கழகம் சூறையாடப்பட்டுக் கிடந்தது. அதை மறுபடி திறப்பதா, வேண்டாமா?

இங்கேதான் ஆசிரியர்கள் கதைக்குள் வருகிறார்கள். ஆசிரியர் சங்கம் என்றால் சம்பளம், பதவி உயர்வு, விடுப்பு, வீட்டுக்கடன் என்பதே நம் ஊரில் பழக்கம். யாழ்ப்பாணத்திலும் அப்படித் தொடங்கியதுதான். 1987இன் கடைசியில் அந்தப் பேச்செல்லாம் அர்த்தமிழந்தது. கட்டடத்தில் படை இருக்கிறது, ஆய்வுக்கூடக் கருவிகள் காணோம், மாணவரில் பாதிப்பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. மூடிவைப்பதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. திறக்க வேண்டும் என்றவர்களின் வாதம் எளிமையானது. வகுப்பு நடந்தால் பிள்ளைக்குக் காலையில் போவதற்கு ஓர் இடம் இருக்கும். பரீட்சைத் தேதி அறிவிக்கப்பட்டால், ஆறு மாதம் கழித்து என்று ஒன்றை அவன் நினைத்துப் பார்க்க முடியும். இல்லாவிட்டால் அவனுக்கு முன்னால் இரண்டே வழி: இயக்கம், அல்லது படகு. பரீட்சை நிற்கக்கூடாது என்று அந்த ஆசிரியர்கள் பிடிவாதம் பிடித்ததைப் பாடத்திட்ட வெறி என்று அன்று சிலர் கேலி செய்திருக்கலாம். மாணவருக்கு அவர்கள் தந்திருக்கக்கூடிய ஒரே உருப்படியான பாதுகாப்பு அதுதான் என்று நான் கருதுகிறேன்.

மருத்துவ பீடத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம. 1954இல் பிறந்தவர். கொழும்பு மருத்துவ பீடத்தில் படித்தபோது சிங்களரான இடதுசாரி மாணவத் தலைவர் தயாபால திராணகமவை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். அக்கா நிர்மலா 1982இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர். அக்கா வழியாக ராஜினியும் புலிகளுக்கு நெருக்கமானார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போன காலத்தில் அவர்களுக்காகப் பிரச்சாரம் செய்தார். உள்ளே நடப்பதைப் பார்த்து விலகினார். லிவர்பூலில் ஆய்வை முடித்தபின் 1986இல் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம். அங்கே உடற்கூற்றியல் கற்பிக்க இடமா இல்லை? யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லை என்பதுதான் அவருடைய கணக்கு.

1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ‘மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்’ அமைப்பு உருவானது. இதே பெயரில் நாடு முழுவதற்குமான ஓர் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை அது. நாடு முழுவதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தெற்கிலும் அது கொலைக்காலம். மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை ஒடுக்க வந்த அரசும் சேர்ந்து சிங்களப் பல்கலைக்கழகங்களை ஆண்டுக்கணக்கில் மூடவைத்தன. கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சில் தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். தமிழ் ஆசிரியரும் சிங்கள ஆசிரியரும் ஒரே பெயரில் ஒரு சங்கமாய் நிற்க ஒரு காரணம் கிடைத்தது. அந்தக் காரணம் துப்பாக்கி.

யாழ்ப்பாணத்தில் முன்னின்றவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். ராஜினியும், கணிதத்துறையின் ராஜன் ஹூலும் கோபாலசிங்கம் ஸ்ரீதரனும், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும். செய்த வேலை, கேட்பதும் எழுதுவதும். யார், எந்தத் தேதியில், எந்த ஒழுங்கையில், யாரால் என்று விசாரித்தார்கள். அமைதிப்படை கொன்றதை எழுதினார்கள். அமைதிப்படையோடு திரிந்த குழுக்கள் பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததை எழுதினார்கள். புலிகள் செய்ததையும் அதே மையில் எழுதினார்கள். அமைதிப்படைச் சிப்பாய்களால் வல்லுறவுக்கு ஆளான பெண்களை ராஜினி தேடிப் போய்ப் பேசினார். முதல் அறிக்கை 1989 ஜனவரியில் வந்தது. நால்வரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ முதலில் தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறி, 1990இல் அமெரிக்காவில் ஆங்கில நூலாக அச்சானது. அச்சானபோது நால்வரில் ஒருவர் இல்லை.

1989 செப்டம்பர் 21. பரீட்சை வேலையை முடித்துவிட்டு ராஜினி சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டருகே சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 35. கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய சக ஆசிரியர்களும் குடும்பத்தாரும் எழுதியிருக்கிறார்கள். இயக்கம் பொறுப்பேற்கவில்லை.

அதன்பின் வளாகத்துக்குள் வெளிப்படையாக அந்த அமைப்பால் இயங்க முடியவில்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேற, யாழ்ப்பாணம் புலிகளின் ஆட்சிக்கு வந்தது. வெளிப்படையாக அந்தப் பெயரில் நின்றவர்களில் பலருக்கு அந்த ஆண்டே ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. ஹூலும் ஸ்ரீதரனும் தலைமறைவாக இருந்துகொண்டே அறிக்கைகளைத் தொடர்ந்தார்கள்; 2009இல் போர் முடிந்தபின் வன்னியின் கடைசி மாதங்களைப் பற்றியும் நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். 2007இல் இருவருக்கும் மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலேயே மனநல சிகிச்சையையும் கற்பித்தலையும் தொடர்ந்தார். பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான ஆசிரியர்கள் பேசவில்லை. இதை ஒரு குற்றச்சாட்டாக நான் எழுதவில்லை. மண்டபத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் ‘பல்கலைக்கழகச் சமூகம் எழுந்து நின்றது’ என்று விழா மேடைகளில் சொல்வதும் உண்மையல்ல. எழுந்து நின்றவர்கள் சிலர். வாய் திறக்காமல் தினமும் வந்து வகுப்பெடுத்தவர்கள் பலர். அந்தப் பலரையும் இந்தத் தொடரில் விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஏனென்றால் 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட் எல்லாம் தடைப்பட்டியலில். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சும் திரியும் வைத்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவை மிதித்தார்கள். கொழும்புக்குப் போகவேண்டுமானால் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடக்கவேண்டும், கடற்படை சுடும். அதற்கு முன் புலிகளிடம் ‘பாஸ்’ எடுக்கவேண்டும். பிணைக்கு ஆள் காட்டவேண்டும். மேற்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்த மாணவர் இரண்டு அரசுகளிடம் அனுமதி கேட்டு நின்ற காலம் அது.

துரைராஜா துணைவேந்தராக இருந்தது இந்த ஆண்டுகளில்தான். பெட்ரோல் இல்லாத நாட்களில் துணைவேந்தரே சைக்கிளில் வந்தார் என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. 1990இல், போர் நடக்கும்போதே, கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கப்பட்டது. 1984இல் உண்ணாவிரதம் இருந்த பிள்ளைகளுக்கு இல்லாத பீடம் ஆறு ஆண்டு கழித்து வந்தது. 1994 ஜூனில் அவர் நோயில் இறந்தார். அவர் புலிகளுடன் கண்ட சமரசங்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஹூல் போன்றவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் அந்த ஆண்டுகளில் மூடாமல் ஓடியதில் அந்தச் சமரசங்களுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

சமரசத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு பெயர் போதும்: செல்வி. வவுனியாவின் சேமமடுவில் பிறந்த செல்வநிதி தியாகராஜா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர், கவிஞர், ராஜினி உருவாக்கிய ‘பூரணி’ பெண்கள் நிலையத்தில் பணியாற்றியவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென்னின் அமெரிக்க மையம் அவருக்கு எழுத்துச் சுதந்திர விருது அறிவித்தது. விருது கொடுத்தால் விடுவார்கள் என்று நம்பினார்கள். விடவில்லை. அவர் கொல்லப்பட்டதை இயக்கம் 1997இல்தான் ஒப்புக்கொண்டது. நியூயார்க்கிலிருந்து குரல் வந்தது. திருநெல்வேலி வளாகத்திலிருந்து வரவில்லை. ராஜினி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உலகம் போர்க்கால ஆய்வாளருக்கு உதவிய வரலாற்றில் பெரும்பகுதி வெளியே எடுத்துக்கொண்டு போன கதை. 1933இல் ஹிட்லர் யூதப் பேராசிரியர்களை வேலைநீக்கம் செய்தபோது லண்டனில் வில்லியம் பெவரிட்ஜ் முன்முயற்சியில் கல்வியாளர் உதவி மன்றம் அமைந்தது. பிரிட்டிஷ் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்தே பணம் போட்டார்கள். வந்தவர்களில் பின்னாளில் நோபல் வாங்கியவர்கள் பலர். 2022இல் உக்ரைனிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களை விமானமேற்றினோம். மீதிப் படிப்பு என்னவாகும் என்ற கேள்வி அவர்களையும் 1983இன் பேராதனைப் பிள்ளைகளைப் போலவே துரத்தியது. நம் கரையில், 1984இல் ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களின் பிள்ளைகளைக் கல்லூரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 1991இல் ராஜீவ் கொலைக்குப் பின் கல்லூரிக் கதவுகள் அகதிப் பிள்ளைகளுக்குச் சாத்தப்பட்டபோது அந்த வேலை இன்னும் கடினமானது. இவையெல்லாம் பெரிய உதவிகள். ஆனால் வெளியே வரமுடியாதவருக்கு, வர விரும்பாதவருக்கு, உள்ளேயே இருந்து வகுப்பெடுப்பவர் தவிர வேறு துணை இல்லை. அதற்கு நிதியும் இல்லை, விருதும் அரிது.

1995 அக்டோபர் 30 மாலை, ஊரைவிட்டு வெளியேறச் சொல்லிப் புலிகளின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நகர்ந்தது. பல லட்சம் மக்கள், மழை. பல்கலைக்கழகமும் அந்தக் கூட்டத்தில் சிதறியது. அடுத்த ஆண்டு மக்கள் திரும்பியபோது ஊர் இராணுவத்தின் கையில் இருந்தது. ஆசிரியர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

போர் முடிந்து மூன்றாண்டு கழித்து ஒரு காட்சி. 2012 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்கு என்று கேட்டு இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். நவம்பர் 27 மாலை யாழ்ப்பாண விடுதிகளில் மாணவர்கள் மாவீரர் நாள் விளக்கேற்றினார்கள். படையினர் விடுதிக்குள் நுழைந்தார்கள். மறுநாள் ஊர்வலம் போன மாணவர்கள் அடிபட்டார்கள். நான்கு பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு வெலிக்கந்தை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இம்முறை யாழ்ப்பாண ஆசிரியர் சங்கம் பெயர்போட்டு அறிக்கை விட்டது. தெற்கின் சம்மேளனமும் கண்டித்தது. சில மாதம் முன்பு ஒன்றாக மறியலில் நின்றவர்கள் என்பது இதற்கு உதவியிருக்க வேண்டும். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். 2013இன் தொடக்க மாதங்களில் நால்வரும் விடுதலையானார்கள்.

யாழ்ப்பாணத்தைச் சொல்லிக் கிழக்கை விட்டால் கதை பாதிதான். மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் 1990இல் பல்லாயிரம் பேருக்கு அகதி முகாமானது. விரிவுரையாளர்களும் ஊழியர்களும் அதை நடத்தினார்கள். பெயர்ப் பதிவேடு வைத்திருந்தார்கள். செப்டம்பர் 5 அன்று இராணுவம் வந்து 158 பேரைப் பிரித்து ஏற்றிச் சென்றது. அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டு ஆண்டுக்கணக்கில் விசாரணைக் குழுக்கள் முன் நின்ற ஆசிரியர்களைப் பற்றியும், 2006 டிசம்பரில் கொழும்பின் உயர்பாதுகாப்பு வலயத்தில் காணாமற்போன அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ரவீந்திரநாத்தைப் பற்றியும் அடுத்த வாரம்.

(தொடரும்)